வீணையின் பிருடை

வீணையைப் பற்றிப் பேச முன்வருவோர் அதன் நாதத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். அல்லது அதை வாசித்த பெருமக்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயர்ந்ததன்று. வீணையின் தலைப்பக்கத்தில், தந்தியைச் சுற்றி இறுக்குவதற்காகச் செருகப்பட்டிருக்கும் சிறு மரமுளை ஒன்று உண்டு. அதற்குப் பிருடை என்று பெயர். ஒரு பழைய வீணையில் பிருடை தொலைந்துபோனால் அதற்கு மாற்றுப் பிருடை எவ்வாறு தேடுவது, எது தகுந்தது, எது தகாதது என்பதே என் பேச்சின் பொருள்.

இது என்ன பெரிய காரியம், கடையில் ஒன்று வாங்கிச் செருகினால் முடிந்தது என்று சிலர் எண்ணக்கூடும். ஈராண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் எண்ணினேன். மஸ்கெலியாவில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றும் எனக்கு வரலாறும் தமிழும் ஓரளவு தெரியும்; மரவேலை தெரியாது. ஆயினும் எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையிலிருந்த ஒரு வீணை, தெரியாத பலவற்றை எனக்குக் கற்பித்தது.

அந்த வீணையின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்த ஆசிரியை அம்மையார் ஒருவருக்கு உரியது அது. தஞ்சாவூரில் செய்யப்பட்டு, அவருடைய திருமணத்தின்போது தாய்வீட்டுச் சீராக இங்கு வந்தது. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மலையகத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று என்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்த அம்மையாரின் குடும்பமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. 1982இல் அவர்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டபோது, மூட்டை முடிச்சுகளுக்கிடையே குடம் உடைந்துபோகும் என்று அஞ்சி, வீணையைப் பாடசாலையிலேயே விட்டுச் சென்றார்கள். அப்போது நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அந்த அம்மையாரிடம் பாட்டுப் படித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். நான் நன்றாகப் பாடியவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீணையை உறையிலிருந்து எடுக்கும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை மறந்ததில்லை.

பல பாடசாலைகளில் பணியாற்றிவிட்டு நான் அதே பாடசாலைக்கு அதிபராக வந்தபோது, களஞ்சிய அறையில் உடைந்த மேசைகளுக்குப் பின்னால் அந்த வீணை நின்றது. குடமும் தண்டியும் பழுதின்றி இருந்தன. யாழி முகத்தின் ஒரு காது மட்டும் சிதைந்திருந்தது. ஆனால் ஏழு பிருடைகள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று மரப்பிருடைகளே இருந்தன. இரண்டு துளைகள் வெறுமையாயிருந்தன. மற்றிரண்டு இடங்களில், எவரோ ஒரு பழுதுபார்ப்பவர் முன்னொரு காலத்தில் துளையை அகலமாகக் குடைந்து, கிட்டாருக்குரிய இரும்புச் சாவிகளைத் திருகாணி கொண்டு முடுக்கியிருந்தார். அவற்றுள் ஒன்றின் அருகே மரம் ஓர் அங்குல நீளத்துக்கு வெடித்திருந்தது.

இந்த இடத்தில் பிருடை செய்யும் தொழில் இன்னதென்று விளக்குவது நலம். இன்றைய வீணைக்குத் தந்திகள் ஏழு. மெட்டுகளின்மேல் ஓடுவன நான்கு. அவை சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் எனப்படும். தாளத்துக்கென்று பக்கவாட்டில் ஓடுவன மூன்று. ஒவ்வொரு தந்தியும் ஒரு முனையில் குடத்தின் பக்கத்து நாகபாசத்தில் கட்டப்பட்டு, குதிரையின்மேல் ஏறி, மறுமுனையில் ஒரு பிருடையில் சுற்றப்படுகிறது. பிருடையை முறுக்கினால் தந்தி இறுகிச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். நுண்ணிய திருத்தங்களை நாகபாசத்தின் பக்கத்திலுள்ள சிறு மணிகளை நகர்த்திச் செய்துகொள்ளலாம். ஆனால் சுருதியைத் தாங்கி நிற்கும் பாரம் முழுவதும் பிருடையினுடையதே. பிருடை நழுவினால் வித்துவானும் செய்வதற்கொன்றுமில்லை.

இந்தச் சிக்கல் இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் பழந்தமிழரின் யாழில் நரம்புகளைக் கோட்டோடு பிணித்து இறுக்கிய வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். நரம்பை முறுக்கும் கருவிக்கு மாடகம் என்ற சொல்லும் நம் நூல்களில் உண்டு. பேரியாழுக்கு நரம்புகள் இருபத்தொன்று, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று உரையாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இருபத்தொரு நரம்புகளையும் ஒரு சுருதியில் நிறுத்த ஒரு பாணர் எவ்வளவு நேரம் செலவிட்டிருப்பார் என்று எண்ணிப்பாருங்கள். நம் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளார், மறைந்துபோன அந்த யாழ்களின் அமைப்பையும் இசைமுறையையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. உறுப்புகளின் பெயர் மட்டும் எஞ்சி, உறுப்புகள் எஞ்சாதபோது ஓர் இசைக்கருவியை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்நூலே சான்று. எங்கள் வீணைக்கு உறுப்புகளில் சிலவாவது எஞ்சியிருந்தன. அந்த மட்டில் நாங்கள் பேறுபெற்றவர்களே.

மரப்பிருடை எப்படித் தந்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அதில் பல்லும் இல்லை, பூட்டும் இல்லை. பிருடையின் தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும். அது நுழையும் துளையும் அதே சாய்வில் குடையப்பட்டிருக்கும். உள்ளே தள்ளி முறுக்கும்போது, ஆப்பு இறுகுவதுபோல மரத்தோடு மரம் இறுகி, உராய்வினால் நிற்கிறது. வயலினிலும் இதே முறைதான். இக்காலத்து வயலின் பிருடைக்கு முப்பது மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு மில்லிமீற்றர் சிறுக்க வேண்டும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. வீணைக்கு அவ்வாறு ஒரே கணக்கு இல்லை. வீணை செய்யும் ஆசாரியார் தம் கையிலுள்ள குடைகருவியின் சாய்வுக்கேற்பவே துளையையும் பிருடையையும் அமைக்கிறார். ஆகவே ஒருவர் செய்த வீணையின் பிருடை மற்றொருவர் செய்த வீணைக்குப் பொருந்துவது அரிது. கடையில் வாங்கிச் செருகலாம் என்ற என் முதல் எண்ணம் இவ்விடத்திலேயே உடைந்துபோயிற்று.

அடுத்த சிக்கல் மரத்தின் இயல்பைப் பற்றியது. மரம் வெட்டப்பட்டு நூறாண்டு ஆனாலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஈரம் ஏறும்போது அது நார்நெடுகில் நீளுவது மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே பருப்பதே பெரிது. அக்குறுக்கு வாக்கிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பருப்பதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாறுதல், மையத்தை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். எனவே வட்டமாகக் கடைந்த பிருடை சில ஆண்டுகளில் முட்டை வடிவம் கொள்கிறது. வட்டமாகக் குடைந்த துளையும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்து சுழலும்போது ஓரிடத்தில் இறுகி அசைய மறுக்கும். அடுத்த கால் சுற்றில் நழுவி ஓடிவிடும். ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை நேரே வாங்கும் மஸ்கெலியாவில், தஞ்சாவூரின் வெயிலில் செய்யப்பட்ட பிருடை எந்தப் பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சரி, அப்படியானால் இரும்புச் சாவியே மேலல்லவா என்ற கேள்வி எழுகின்றது. இந்தக் கேள்விக்கு விடை காண எனக்குத் துணைபுரிந்தவர் கொழும்பில் இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர். நான் அவரைப் பார்க்கச் சென்றபோது, அவர் மேசையின்மேல் 1960களின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு பேஸ் கிட்டார் உரித்துப்போட்ட கோழிபோலக் கிடந்தது.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த தந்திகளைக்கொண்டு, இசைக்குழுவின் அடிநாதத்தை மின்சார ஒலிபெருக்கி வழியே எழுப்பும் கருவி. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர் 1951இல் வெளியிட்ட கருவியே இவ்வினத்தை உலகெங்கும் பரப்பியது. அதன் தந்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினெட்டுக் கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான விசையோடு இழுக்கின்றது. வெறும் உராய்வு இதைத் தாங்காது. ஆதலால் அதில் பற்சக்கரச் சாவி பொருத்தப்படுகிறது. நாம் திருகுவது ஒரு சுருள்தண்டை. அது ஒரு பற்சக்கரத்தை மெல்லத் திருப்புகிறது. பற்சக்கரம் தந்தி சுற்றிய கம்பத்தைத் திருப்புகிறது. நாம் பத்திருபது முறை திருகினால் கம்பம் ஒரு முறை சுழலும். இவ்வமைப்பின் சிறப்பு என்னவென்றால், சுருள்தண்டு சக்கரத்தைத் திருப்ப முடியும். சக்கரம் சுருள்தண்டைத் திருப்ப முடியாது. எனவே தந்தி எவ்வளவு இழுத்தாலும் சாவி பின்வாங்காது.

என் மாணவரின் கையிலிருந்த பேஸ் கிட்டாரின் சாவிகள் கடற்காற்றில் துருவேறிப் பற்கள் தேய்ந்திருந்தன. புதிய சாவிகள் கொழும்புக் கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் அவர் அவற்றை வாங்கவில்லை. காரணத்தைக் கேட்டேன்.

"சேர், புதுச் சாவியின் கம்பம் பருமன் கூட. அதைப் போட வேண்டுமென்றால் துளையைப் பெருப்பிக்க வேண்டும். திருகாணித் துளைகளின் இடமும் வேறு. ஒருக்கா குடைந்த மரத்தை நான் திரும்ப வைக்க ஏலாது" என்றார்.

அவர் விளக்கியதிலிருந்து நான் அறிந்துகொண்டது இது. அந்தக் காலத்து ஃபெண்டர் கருவிகளுக்குச் சாவி செய்து கொடுத்தது சிக்காகோ நகரத்துக் குளூசன் நிறுவனம். 1965இல் ஃபெண்டர் நிறுவனம் கைமாறியது. அதையடுத்த காலத்தில் சாவியின் வடிவமும் மாறிற்று. ஆகவே 1963ஆம் ஆண்டுக் கருவிக்கு 1970ஆம் ஆண்டுச் சாவியைப் பொருத்தினால், பெயர் ஒன்றாயிருப்பினும் காலம் ஒன்றாகாது. பழுதுபார்ப்பவர் முதலில் கருவியின் வயதை உறுதிசெய்ய வேண்டும். கழுத்தின் அடியில் மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அதைக் கழற்றிப் பார்க்கலாம். அடுத்து, கம்பத்தின் பருமன், உயரம், திருகாணித் துளைகளுக்கிடையிலான தூரம், திருகும் திசை ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். சில பழைய சாவிகள் இன்றைய சாவிகளுக்கு எதிர்ப்புறமாகத் திரும்பும். இறுதியாக, மெருகின்மேல் பதிந்த தடத்தைப் பார்க்க வேண்டும். பழைய சாவியின் அடித்தகடு மூடியிருந்த இடத்தில் மெருகு வெயில் படாமல் நிறம் மாறாதிருக்கும். அந்தத் தடமே முதன்முதல் இருந்த சாவியின் கைரேகை. கருவியில் இப்போதிருக்கும் சாவியின் வடிவமும் அந்தத் தடமும் ஒத்துவராவிட்டால், இப்போதிருப்பது இடையில் வந்தது என்று தெளியலாம்.

இத்தகைய கருவிகளை உலகம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார் 1972இல் இலண்டனில் திருட்டுப்போயிற்று. அது மீண்டும் கிடைத்துவிட்டது என்ற செய்தி 2024 பெப்ரவரியில் வெளியானது. பழுதடைந்த நிலையில் கிடைத்த அதைத் தூக்கிவைத்துவிட்டுப் புதிதொன்றை வாங்குவது அவருக்கு எளிது. ஆயினும் பழுதுபார்த்து மறுபடியும் வாசிப்பதே நோக்கமாயிற்று. ஒரு கருவியோடு ஒருவர் கழித்த காலம் அந்தக் கருவியிலேயே தங்கியிருக்கிறது என்ற உணர்ச்சி எல்லா நாட்டாருக்கும் பொதுவானது போலும்.

இனி வீணைக்கு மீள்வோம். கிட்டார்ச் சாவி பொருத்திய வீணைகள் அண்மைக் காலத்தில் கச்சேரி மேடைகளில் வழங்கி வருகின்றன. ஊர் ஊராகப் பயணம் செய்து, குளிரூட்டிய மண்டபத்திலும் வெயிலிலும் மாறிமாறி வாசிக்க வேண்டிய கலைஞருக்கு அது பெரும் உதவி. அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. புதிய வீணையைச் செய்யும்போதே சாவிக்கென்று அளந்து துளையிட்டு, அதன் பாரத்துக்கேற்ப மரத்தை விட்டுவைத்தால் பிழையில்லை. பிழை எங்கே நேர்கிறது? மரப்பிருடைக்கென்று செய்த பழைய வீணையில் பின்னர் துளையைப் பெருப்பித்து, மெல்லிய சுவரில் திருகாணி ஏற்றும்போது நேர்கிறது. எங்கள் வீணையில் மரம் வெடித்தது அதனால்தான். அவசரத்தில் செய்த உதவி ஐம்பதாண்டுக் கேடாக முடிந்தது.

ஆகவே இரும்புச் சாவி இரண்டையும் கழற்றிவிட்டு, ஏழும் மரப்பிருடையாகவே இருக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். எஞ்சியிருந்த மூன்று மரப்பிருடைகளை மாதிரியாக வைத்து மற்ற நான்கையும் செய்விப்பது எங்கள் திட்டம். ஆனால் அந்த மூன்றையும் மேசைமேல் வைத்து ஒப்பிட்டபோது ஓர் ஐயம் பிறந்தது. இரண்டு பிருடைகள் கறுத்த மரத்தாலானவை. அவற்றின் தலை, வெற்றிலைபோல் தட்டையாக இருந்தது. நுனியில் எலும்பாலான சிறு வெள்ளைப்பொட்டு பதிந்திருந்தது. மூன்றாவது பிருடை செம்பழுப்பு நிறம், தலை உருண்டை, பொட்டு இல்லை. எது வீணையோடு பிறந்தது? இரண்டுக்கு ஒன்று என்று பெரும்பான்மை பார்த்து முடிவுசெய்யலாம். ஆனால் பெரும்பான்மை சான்றாகாது. இரண்டும் வேறொரு வீணையிலிருந்து கொண்டுவந்து செருகியவையாக இருந்தால் என்ன செய்வது? என் மாணவர் சொன்ன மெருகுத்தடம் நினைவுக்கு வந்தது. ஆனால் பிருடைக்கு அடித்தகடு இல்லை; தடமும் இல்லை.

வேறு வழியின்றி, வீணையின் சொந்தக்காரரையே தேடத் தொடங்கினோம். இந்தியாவுக்குச் சென்ற நம் மக்களின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது என்பதும், இங்கிருந்து சென்றோரில் பலர் அங்கே குடியேறினர் என்பதும் நேயர்கள் அறிந்தவையே. உறவினர் வழியாக விசாரித்து விசாரித்து, கோத்தகிரிப் பக்கத்தில் வாழும் அந்த ஆசிரியை அம்மையாரின் மகளைத் தொலைபேசியில் கண்டுபிடித்தோம். அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் எனக்கு மூத்தவர். சிறுவயதில் என்னைக் கண்டவர். வீணை இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னதும் சற்று நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை.

பத்து நாளில் அவர் ஒரு பழைய புகைப்படத்தின் பிரதியை அனுப்பிவைத்தார். கோயில் முன்றிலில் ஒரு நவராத்திரி நாளில் எடுத்த படம். இளம்பெண்ணான ஆசிரியை வீணையோடு அமர்ந்திருக்கிறார். அந்தக் கோயில் எது என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். அது பழைய மஸ்கெலியா நகரின் கோயில். மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய நகரம் முழுவதும் நீருக்குள் போயிற்று. அணை நிறைவேறியது 1969இல். வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அக்கோயிலின் கல்லும் மதிலும் இன்றும் வெளியே தெரிகின்றன. எனவே படம் அதற்கு முற்பட்டது என்பது திண்ணம். ஓர் இசைக்கருவியின் காலத்தை ஒரு நீர்த்தேக்கம் நிறுவிக்கொடுத்தது.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். பிருடைகளின் தலைகள் தட்டையாயிருந்தன. வெள்ளைப்பொட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. கறுத்த பிருடைகளே மூலம். உருண்டைத் தலைப் பிருடை பின்னர் வந்தது. ஐயம் தீர்ந்தது. உருண்டைத் தலையை நீக்கிவிட்டு ஐந்து பிருடைகள் செய்விக்கலாம் என்று முடிவுசெய்து, அச்செய்தியை நீலகிரிக்கும் தெரிவித்தேன்.

"அதை எறிந்துவிடாதே தம்பி. அது அப்பா தேயிலைக் கட்டையில் கடைந்தது" என்றார் அவர்.

அவருடைய தந்தையார் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவர். 1970களில் ஒரு பிருடை ஒடிந்துபோனபோது, தஞ்சாவூருக்கு எழுதி வரவழைக்கக் காலமும் இல்லை, பணமும் இல்லை. பழைய விதைத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மலையிலிருந்து ஓர் அடிக்கட்டையை எடுத்துவந்து, தொழிற்சாலைக் கடைசல் பொறியில் கடைந்து அவரே செய்து கொடுத்தாராம். தேயிலை அடிக்கட்டை நெருக்கமான நார் கொண்டது. மெல்ல வளர்ந்ததால் மிக உறுதியானது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அந்தப் பிருடை பழுதின்றி நின்றிருக்கிறது. மூலப் பிருடைகள் ஐந்து தொலைந்தும் ஒடிந்தும் போயிருக்க, இந்த ஒன்று நிலைத்திருக்கிறது.

நேயர்களே, இவ்விடத்தில் நான் பெரிதும் தடுமாறினேன். காலத்துக்கேற்ற உறுப்பு என்று நாம் சொல்லும்போது எந்தக் காலத்தைக் கருதுகிறோம்? வீணை தஞ்சாவூரில் பிறந்த காலத்தையா, அது மஸ்கெலியாவில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த காலத்தையா? துளையைக் குடைந்து மரத்தை வெடிக்கச்செய்த இரும்புச் சாவியும் பின்னால் வந்ததே. தேயிலைப் பிருடையும் பின்னால் வந்ததே. முன்னதை நீக்கிப் பின்னதை வைத்துக்கொள்வதற்கு என்ன நியாயம்? ஆசிரியர்களோடு இதைப்பற்றிப் பேசினேன். ஒருவர் எல்லாம் ஒரே சீராக இருப்பதே அழகு என்றார். மற்றொருவர், வீணையைக் கெடுத்தது எது, காத்தது எது என்று பார்த்தால் போதுமே என்றார். பின்னவர் கூற்றே எனக்கு உடன்பாடாயிற்று. தேயிலைப் பிருடை துளைக்கு இணங்கிச் செய்யப்பட்டது. துளையைத் தனக்கு இணங்கச் செய்யவில்லை. அது இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். எனவே புதிதாகத் தேவைப்பட்டவை நான்கு.

புதிய பிருடைக்கு எந்த மரம்? பழைய பிருடைகளுக்குக் கருங்காலி அல்லது ஈட்டி மரத்தைப் பயன்படுத்துவது மரபு. இன்று இவ்விரண்டையும் நினைத்தபடி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஈட்டியினம் 2017 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் 2019இல் விலக்களிக்கப்பட்டது. நம் நாட்டிலோ, வீணையின் உடலுக்கு உகந்த பலாமரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டலாகாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. பழைய வீணைகளின் அலங்காரத்துக்குப் பயன்பட்ட யானைத் தந்தத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. அந்தக் காலத்தைப் போலவே செய்யவேண்டும் என்பதற்காக அந்தக் காலத்துக் கொடுமையையும் திரும்பச் செய்யவேண்டியதில்லை. வெள்ளைப்பொட்டுக்கு மாட்டெலும்பு போதும்.

அளவுகளை எடுத்தனுப்பும் வேலையை எங்கள் உயர்தர வகுப்பு மாணவரிடம் விட்டோம். வழவழப்பான தாளைக் கூம்பாகச் சுருட்டித் துளைக்குள் நுழைத்து, விரியவிட்டு, வெளிவாயிலும் உள்வாயிலும் கோடிட்டு, வெளியே எடுத்து அளந்தார்கள். பின் தேன்மெழுகை இளக்கி உருட்டித் துளையில் அழுத்தி அச்செடுத்துச் சரிபார்த்தார்கள். கணிதப் பாடத்தில் கூம்பின் சரிவைப் படித்தபோது வராத உற்சாகம் அன்று வந்தது. இந்த அளவுகளோடு, மூலப் பிருடை ஒன்றையும் படத்தின் பிரதியையும் தஞ்சாவூருக்குச் செல்லும் ஓர் அன்பரிடம் கொடுத்தனுப்பினோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது தஞ்சாவூர் வீணை. அதைச் செய்யும் குடும்பங்கள் இன்றும் அங்கே தொழில் நடத்துகின்றன. அவர்களுள் ஒரு பெரியவர், பழைய வீணை ஒன்றிலிருந்து எஞ்சிய ஈட்டிக் கட்டையில் நான்கு பிருடைகளைச் சற்றே பருமனாகக் கடைந்து அனுப்பினார். ஏன் பருமனாக என்று கேட்டதற்கு, அங்கே சரியாகப் பொருந்துவது இங்கே பொருந்தாது. மஸ்கெலியாவின் காற்றில் மூன்று மாதம் கிடக்கட்டும், பிறகு தேய்த்துப் பொருத்துங்கள் என்று சொல்லியனுப்பினார். மரத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

பெருத்துப்போன இரண்டு துளைகளையும் கொழும்பு மாணவர் வந்து சீர்செய்தார். துளைக்குள் முதிர்ந்த பலாமர முளையைக் கடைந்து இறக்கி, வச்சிரப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் அந்த முளையின் நடுவே உரிய சாய்வில் புதிய துளை குடைந்தார். இக்காலத்து வலுவான பசைகளை விட்டு வச்சிரத்தைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. வெந்நீரின் சூட்டில் அது இளகிவிடும். நாளை நம்மைவிடத் தெரிந்த ஒருவர் வந்து நம் வேலையைப் பிரித்துத் திருத்த வழியிருக்கும். வெடிப்பையும் அவ்வாறே மூடினார். பின்னர் ஒவ்வொரு பிருடையிலும் சுண்ணக்கட்டித் தூளைப் பூசி, துளையில் நுழைத்துத் திருப்பி எடுத்து, தூள் அழிந்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்தார். முழுநீளமும் ஒரே சீராகத் தூள் அழியும்வரை இது நடந்தது. ஒரு பிருடைக்கு அரைநாள் பிடித்தது.

சென்ற விசயதசமியன்று வீணைக்குத் தந்தி ஏற்றப்பட்டது. ஆறு பிருடைகள் கறுப்பு; ஒன்று செம்பழுப்பு. அது பக்கவாட்டில் தாளத் தந்தி ஒன்றைத் தாங்குகிறது. கழற்றிய இரும்புச் சாவி இரண்டையும் நாங்கள் எறியவில்லை. எங்கிருந்து எடுத்தோம், எந்த நாளில் எடுத்தோம் என்று எழுதி, ஒரு பெட்டியிலிட்டு வீணையோடு வைத்திருக்கிறோம். வீணை பேசத் தொடங்கியபோது நீலகிரியிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவர், சுருதி சற்றுக் குறைகிறதே என்று மட்டும் சொன்னார். சொன்னது சரியாகவே இருந்தது.

நேயர்களில் பலருடைய பாடசாலைகளிலும் கோயில்களிலும் வீடுகளிலும் இத்தகைய கருவிகள் மூலையில் கிடக்கலாம். வீணையோ வயலினோ தம்புராவோ கிட்டாரோ, எதுவாயினும் அவர்களுக்குச் சில வார்த்தைகள் கூறி முடிக்கிறேன். தொலைந்த உறுப்புக்கு மாற்றுத் தேடுமுன் எஞ்சிய உறுப்புகளை அளந்து எழுதிவையுங்கள். பழைய படங்களைத் தேடுங்கள். வாசித்தவர் உயிரோடிருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லையேல் அவர் பிள்ளைகளைக் கேளுங்கள். உறுப்புக்காகக் கருவியைக் குடையாதீர்கள். கருவிக்காக உறுப்பைத் தேயுங்கள். திரும்பப் பிரிக்க முடியாத வேலை எதையும் செய்யாதீர்கள். கழற்றியதைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வந்தது என்பதற்காகவே ஒன்றைப் பழிக்கவும் வேண்டாம். பழையது என்பதற்காகவே போற்றவும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் பிருடை இறுகிக்கொண்டால் அதன்மேல் பலத்தைக் காட்டாதீர்கள். தந்தியைத் தளர்த்த முயன்று தலையை ஒடித்துவிடுவோர் பலர். உறையிட்ட வீணையைச் சமையலறைப் புகைக்கும் சுவர் ஈரத்துக்கும் எட்டாத இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், தானே நெகிழும். நழுவினால் சிறிது சுண்ணக்கட்டித் தூள் போதும். கடந்த ஆடி மழையில் எங்கள் வீணையின் பிருடைகளில் மூன்று இறுகிக்கொண்டன. தேயிலைப் பிருடை மட்டும் வழக்கம்போல் திரும்பியது. அது இந்த மண்ணின் மழையிலேயே வளர்ந்த மரமல்லவா?